பதினாலு வீடும் ஒரே பத்திரம்

“இன்னைக்கு உன் தலை தரையில உருளும்டா!” என்று சின்னக்கண்ணு அரிவாளோடு ஓடி வந்தான். அன்புச்செல்வன் தன் புதுச் சட்டையைக் கழற்றி, மடித்து, கொடியில் போட்டுவிட்டு அவன்மேல் பாய்ந்தான்.

இருவருக்கும் நடுவே சிக்கிக்கொண்டார் சிவசங்கர். வாங்கப்போகிற சொத்தைப் பார்க்க வந்த இடத்தில் இப்படி ஒரு சனியன்!

கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் ரோட்டில் பதினாலு வாடகை வீடு, மூன்று கடை. சொந்தக்காரர் ஆதிமூலம் எல்லாவற்றையும் மொத்தமாக விற்றுவிட முடிவு செய்து, திருக்கோவிலூரில் மகள் வீட்டோடு ஒதுங்கிவிட்டார். ஒரே பத்திரம், பாதிப் பணம் கையில், மீதி கடை வாடகையிலிருந்து தவணை என்று பேச்சு. வீடுகளை இடித்து லாட்ஜ் கட்டுவது சிவசங்கரின் திட்டம்.

“ஒரே மாசந்தான். எல்லாரும் வேற எடம் பாத்துக்கங்க” என்று, முதல் வீட்டில் குடியிருக்கும் அமிர்தத்திடம் சற்றுமுன்தான் கறாராகச் சொல்லியிருந்தார்.

அரிவாள் இறங்கியது. ரத்தம் சிவசங்கரின் வெள்ளைச் சட்டையில் தெறித்தது. அன்புச்செல்வன் குழாயடியில் குப்புற விழுந்து, இரண்டு முறை காலை உதைத்து அடங்கினான். ஆத்திரம் தீராத சின்னக்கண்ணு அவன் முதுகில் ஏறி மிதித்தான்.

“வேற எவனாச்சும் கீறானாடா?”

சிவசங்கர் போலீசுக்குப் போன் போடப் போனார்.

அமிர்தம் கையைப் பிடித்தாள். “இன்னா சார் பண்றீங்க? போலீசு வந்தா மொத சாட்சி நீங்கதான். அப்பறம் அவன் உங்கள உசுரோட வுடுவானா? நீங்க இங்க வரவே இல்ல. யாராண்டயும் மூச்சு வுடாதீங்க, ஓடுங்க!”

ஓடினார். பைபாஸைத் தொட்ட பிறகுதான் ஆதிமூலத்துக்குப் போன் செய்தார்.

“எனக்கு வேணாங்க.”

“நீங்களுமா?” கிழவர் அழாத குறை. “வந்து பாத்தவங்க எல்லாம் இப்டியே சொன்னா இன்னாதாங்க பண்றது? காரணமாச்சும் சொல்லுங்க!”

“ஒண்ணுமில்லீங்க. வேணாம், அவ்ளோதான்.”

“இனிமே என்னால அல்லாட முடியாதுங்க. குடியிருக்கிறவங்களே ஒண்ணா சேந்து தவணையில வாங்கிக்கறோம்னு கேட்டுக்கினு இருக்காங்க. அவங்களுக்கே எழுதிக் குடுத்துடறேன்.”

“மகராசனா குடுங்க” என்று போனை வைத்தார் சிவசங்கர். உயிர் தப்பியதே பெரிது.

அங்கே, அமிர்தம் கேட்டைத் தாழிட்டுவிட்டுக் குழாயடிக்கு வந்தாள். தரையில் கிடந்த அன்புச்செல்வன் முனகினான்.

“யக்கா, இன்னும் எத்தினி பார்ட்டிக்கு நான் சாவணும்?”