தெளிந்த ஊருணி

பாட்டனார் வெட்டிய குடிநீர் ஊருணி பச்சைப் பாசி படர்ந்து கிடந்ததை ஊர்ப் பெரியவர் ஆண்டியப்ப அம்பலத்தால் பொறுக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். இதையா அவர்களுக்குக் காட்டுவது? "பாசியில விஷம் இருக்கு. யாரும் குடிக்க வேண்டாம், மருந்து எதுவும் போடவும் வேண்டாம், தானா அடங்கட்டும்" என்று தண்ணீர் சோதிக்க வந்த ரோஸ்லின் சொல்லிப் போனதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாசியைக் கொல்லும் மயில்துத்தத்தைச் சாக்கில் கட்டி ஊருணி முழுக்க இழுக்க வைத்தார். நான்காம் நாள் தண்ணீர் பளிங்காக நின்றது. தண்ணீர் அள்ள வரும்படி ஊருக்குச் சொல்லியனுப்பிவிட்டு, முதல் செம்பை அவரே மொண்டார்.

அப்போதுதான் ரோஸ்லின் மறுபடி வந்தாள். சோதித்துப் பார்த்தவள் அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"பாசி செத்து, அதுக்குள்ள இருந்த விஷமெல்லாம் தண்ணியில இறங்கிருச்சுய்யா. தண்ணியில இருக்கிற நுண்ணுயிர் அதைத் தின்னு தீர்க்க மூணு வாரமாவது ஆகும். நீங்களே சொல்லிருங்க. இவ்வளவு தெளிஞ்ச தண்ணியைப் பார்த்துட்டு நான் சொன்னா யார் நம்புவா?"

படிக்கட்டு நிறையப் பெண்கள் குடங்களோடு நின்றார்கள்.

"என்ன பெரிய மாமா, குடிக்கவா, முகம் பார்க்கவா? நீங்க ஒரு வாய் குடிங்க, நாங்க அள்ளுறோம்" என்றாள் தம்பியின் மருமகள் வெள்ளையம்மா. கூட்டம் சிரித்தது.

தப்பு என்னுடையது என்று அம்பலம் ஒருநாளும் நாலு பேர் முன்னால் சொன்னதில்லை. கையிலிருந்த செம்பைப் பார்த்தார். குடித்துவிடுவது அதைவிடச் சுலபம் என்று தோன்றியது. அதற்குள் வெள்ளையம்மா குனிந்து குடத்தைச் சாய்த்துவிட்டாள். தண்ணீர் குடத்துக்குள் இறங்கும் சத்தம் கேட்டது.