நாலு ஈயக்குண்டு

எடை மெஷினிலிருந்து இறங்கும்போது அனுஜாவின் கவுன் பாக்கெட்டிலிருந்து ஏதோ டொக்கென்று கீழே விழுந்தது.

அங்கன்வாடி டீச்சர் ஜீவமணி குனிந்து எடுத்தாள். வலையில் கட்டுகிற ஈயக்குண்டு. பாக்கெட்டில் கையை விட்டால் இன்னும் மூன்று.

"ஒரே மாசத்துல எண்ணூறு கிராம் கூடுனப்பவே நெனச்சேன் டீச்சர்" என்றாள் ஆயா சந்தனச்செல்வி. "பெத்தவளே இந்த வேலை பாத்தா பிள்ளை எங்கன தேறும்?"

டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அனுஜாவுக்கு நாலரை வயசு. எடை பதினொரு கிலோ. இருக்கிற பிள்ளைகளிலேயே நோஞ்சான் அவள்தான். போன மாதம் எடை போட்ட அன்றைக்கு அவள் அம்மா அந்தோணியம்மாளை அத்தனை பேர் முன்னாலும் நிறுத்தி, "கடக்கரையில இருந்துக்கிட்டு பிள்ளைக்கு ஒரு துண்டு மீன் குடுக்க ஒனக்குக் கை வரலையா?" என்று டீச்சர் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். அதற்கு இதுதான் பதிலா?

ஈயம் ஆகாது என்று அனுஜாவின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள். சின்னப் பிள்ளையை விசாரித்து என்ன ஆகப்போகிறது? அம்மாவையே வரச் சொல்லி ஆள் அனுப்பினாள்.

வெறும் மீன்கூடையோடு வியர்க்க விறுவிறுக்க வந்தாள் அந்தோணியம்மாள். டீச்சர் ஈயக்குண்டுகளை ரிஜிஸ்டருக்குப் பின்னால் தள்ளினாள். எத்தனை பொய்தான் சொல்கிறாள், பார்ப்போம்.

"காலையில இவ என்னளா சாப்பிட்டா?"

"டீயும் பன்னும் டீச்சர்."

"அவ்வளவுதானா?"

"அவுக கடலுக்குப் போயிருதாவ. நான் நாலு மணிக்கே திரேஸ்புரம் ஏலத்துக்குப் போயிருதேன். மீன எடுத்துத் தெருத்தெருவா வித்துட்டு வர மத்தியானம் ஆயிருது. பக்கத்து வீட்டு அக்காதான் இவளுக்கு டீயும் பன்னும் வாங்கிக் குடுக்காவ. பசி அதுலயே செத்துப்போவுது. இங்கன குடுக்க முட்டையையும் பாதியில வச்சிருதாளாம்."

"மீனு?"

"மத்தியானத்துக்கு மேல கருவாட்டுக் கொட்டாய்ல வேலை. ராத்திரிதான் அடுப்பு பத்தவைக்கேன். கொழம்பு கொதிக்கதுக்குள்ள இவ தூங்கிருதா. எழுப்பி ஊட்டுனா ரெண்டு வாய்."

டீச்சர் பொய்க்குத்தான் காத்திருந்தாள். இருபது வருஷமாகப் பிள்ளைகளை நிறுத்துப் பார்க்கிறாள். காலையில் அந்த வீடுகளில் என்ன நடக்கிறது என்று ஒருத்தியிடமும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

"நாளையிலருந்து இவளுக்கு டீ வேண்டாம். ஆறு மணிக்கெல்லாம் எங்க வீட்டுல கொண்டாந்து விடச் சொல்லு அந்த அக்காவ. சத்துமாவுக் கஞ்சி காய்ச்சித் தாரேன். இவள மாதிரி இன்னும் யார் யாரு இருக்காவளோ, அவுகளையும் கூட்டிட்டு வரட்டும்."

அந்தோணியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க நல்லாருக்கணும் டீச்சர்."

"அது இருக்கட்டும். இனிமே இந்த வேலை மட்டும் வேண்டாம்." டீச்சர் நாலு ஈயக்குண்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

அந்தோணியம்மாள் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது எங்க வலையில உள்ளதுல்லா? மாதா மேல சத்தியமா, இங்கன எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

இரண்டு பேரும் அனுஜாவைப் பார்த்தார்கள். அம்மாவின் சேலைக்குப் பின்னாலிருந்து பாதி முகம் மட்டும் எட்டிப் பார்த்தது.

"அம்மாவ ஏசாதீய டீச்சர். போன மாசம் நீங்க ஏசுன அன்னைக்கு அம்மா சோறே திங்கல. அதான் நானே எடையக் கூட்டுனேன்."