ஸ்பீக்கரில் பழுது

“முக்கல், முனகல் ஏதாவது வருதா பாரு! நேத்து வரைக்கும் நல்லாத்தானே பேசிட்டிருந்துது?”

அப்பா லேப்டாப்பின் தலையில் ஒரு போடு போட்டார். அண்ணன் பதறிப்போய் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“அடிச்சா சரியாகறதுக்கு அது என்ன நானா?”

“வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல. இன்னும் கொஞ்ச நேரத்துல உன் தங்கச்சியை இன்டர்வியூவுக்குக் கூப்பிடப் போறாங்க. இந்த வேலையும் போச்சுன்னா உன்னைச் சும்மா விடமாட்டேன்!”

தங்கை இஸ்திரி போட்ட சட்டையும் வாரி முடிந்த தலையுமாக மேஜை முன்னால் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். இதற்கு முன் மூன்று கம்பெனிகள் இதே மாதிரி வீடியோவில் கேள்வி கேட்டு, “பிறகு சொல்கிறோம்” என்று முடித்துக்கொண்டன. பிறகு யாரும் சொல்லவில்லை.

“எல்லாம் நீ போட்டு வெச்ச அந்த லினக்ஸால வந்த வினை” என்றார் அப்பா. “ஊரே விண்டோஸ்ல ஓட்டினா நீ மட்டும் வேலி தாண்டிப் போவே. ஓசியில கிடைச்சா எதை வேணும்னாலும் லேப்டாப்ல ஏத்திடறதா?”

அண்ணனின் முகம் சிவந்துவிட்டது.

“என்னைத் திட்டுங்க, கேட்டுக்கறேன். லினக்ஸைத் திட்டாதீங்க. அது மேல ஒரு தப்பும் இருக்காது. மனுஷங்க யாராவது எதையாவது மாத்தி வெச்சிருப்பாங்க.”

“ஆமா, பெரிய சாமி! குறை சொன்னா கண்ணைக் குத்திடும்!”

அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு வேலையில் இறங்கினான். சத்தத்தின் அளவைப் பார்த்தான். நூற்றுக்கு நூறு காட்டியது. சத்தம் வழி தவறி டி.வி. பக்கம் போகிறதோ என்று பார்த்தான். இல்லை, லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கருக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு பாட்டைப் போட்டான். பாட்டு ஓடுவதாகத் திரை சொன்னது. ஸ்பீக்கர் மூச்சு விடவில்லை.

“ரெண்டு தடவை அணைச்சுப் போட்டுப் பார்த்தாச்சு” என்றாள் தங்கை, அவன் முகத்தைப் பார்க்காமல். “நான் ஹெட்போன் போட்டுக்கறேனே அண்ணா.”

“ஹெட்போனா?” அப்பா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். “அதுல நீ ஒருத்திதானே கேக்க முடியும்? முப்பது வருஷம் நாற்காலியில உட்கார்ந்து எத்தனை பேரை இன்டர்வியூ எடுத்தவன் நான்! பெத்த பொண்ணை என்ன கேக்கறாங்கன்னு எனக்குத் தெரிய வேண்டாமா? டேய், சீக்கிரம் பாருடா!”

“பாத்துட்டுதானே இருக்கேன்! கத்தினா மட்டும் வேலை ஓடிடுமா?”

அண்ணன் திரையில், கட்டளைகளை டைப் செய்கிற கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்தான். அந்த வீட்டில் அந்தப் பக்கம் போகத் தெரிந்தவர்கள் அவனும், அவனிடம் கற்றுக்கொண்ட தங்கையும்தான். சத்தம் போகிற ஒவ்வொரு வழிக்கும் ஒன்றாக, பச்சையும் சிவப்புமாகத் தூண்கள் வரிசை கட்டி நின்றன. ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டே வந்தான். ஸ்பீக்கருக்கான தூணுக்கு வந்ததும் அவன் விரல் நின்றுவிட்டது.

திரும்பித் தங்கையைப் பார்த்தான். அவள் சட்டை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“என்னடா முழிக்கிறே? கண்டுபிடிச்சியா, இல்லையா?”

அண்ணன் அந்த ஜன்னலை மூடினான்.

“ஸ்பீக்கர் போச்சுப்பா. இப்போதைக்குச் சரி பண்ண முடியாது.” லேப்டாப்பைத் தங்கை பக்கம் நகர்த்தினான். “நீங்க சொன்னது சரிதான். நான் லினக்ஸ் போட்டதாலதான்.”

“இப்ப ஒத்துக்கிட்டு என்ன பிரயோஜனம்? கூடப் பிறந்தவ பிழைப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டியே! ஒரு வேலை உருப்படியா செஞ்சிருக்கியா நீ? என் கண் முன்னால நிக்காதே!”

 அண்ணன் ஹெட்போனை எடுத்துத் தங்கை கையில் கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியேறினான்.

அழைப்பு வந்தது. தங்கை பேச ஆரம்பித்தாள். அப்பா கேமராவில் விழாதபடி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவள் சொல்லும் பதில் கேட்டது, கேள்விதான் கேட்கவில்லை. கழுத்தை நீட்டினார். கையால் ஜாடை காட்டினார். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தவர், மகனை முணுமுணுவென்று திட்டிக்கொண்டே எழுந்து கூடத்துக்குப் போய்விட்டார்.

அன்று மாலையே பதில் வந்தது. வேலை கிடைத்துவிட்டது.

அப்பா போனில் சித்தப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்த குரல் சமையலறை வரை கேட்டது.

“பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன்ல? பின்ன எப்படிடா கிடைக்காமப் போகும்? இந்தப் பயதான் காரியத்தையே கெடுக்கப் பார்த்தான்!”

சமையலறையில் அண்ணன் தங்கையை மடக்கினான்.

“ஸ்பீக்கரை ஊமையாக்கி வெச்சது நீதான்னு பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. வந்த ஆத்திரத்துல அப்பவே போட்டு உடைச்சிருப்பேன். உன் முகத்தைப் பார்த்ததும் வாய் வரல. இத்தனை திட்டு வாங்கியிருக்கேன், இப்பவாவது சொல்லு. ஏன் அப்படிச் செஞ்சே?”

தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது.

“கேள்வி காதுல விழுந்த உடனே அப்பா பக்கத்துல இருந்து பதிலை எடுத்துக் கொடுக்க ஆரம்பிச்சிடறார் அண்ணா. மூணு இடத்துலயும் அவர் சொன்னதைத்தான் நான் திருப்பிச் சொன்னேன். இன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன்.”