விளக்கு வைக்கும் முன்னே

வேங்கிக்கால் வீட்டில் ஜெயந்திமாலா உட்காரவே இல்லை. ஜன்னலுக்கும் கடிகாரத்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள். மகன் ஜினசேனன், தான் கட்டிக்கொள்ள நினைக்கும் ரேவதியைக் கூட்டி வந்திருந்தான்.

"நாங்க ஜைனருங்கம்மா. பொழுது சாஞ்சா சாப்பிடமாட்டோம். உங்களுக்கும் எங்களுக்கும் ஒத்து வராது. கெளம்பு."

"ஒரு பாட்டு பாடிட்டுப் போறேன் அத்தை. பொண்ணு பாக்கறப்ப பாடச் சொல்லுவாங்களே!"

"இங்க யாரும் பொண்ணு பாக்கல."

ரேவதி பாடியே விட்டாள்.

"விளக்கு வைக்கும் முன்னே வட்டில் சோறு தந்தவளே,
வார்டன் திட்டை எனக்காக வாங்கிக்கொண்ட என் தோழி..."

ஜெயந்திமாலாவின் நடை நின்றது.

"இது ஹாஸ்டல்ல நான் கட்டுன பாட்டாச்சே! எனக்கே மறந்துபோச்சு. உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"எங்கம்மா. அங்க ராத்திரி எட்டு மணிக்குத்தான் சாப்பாடாம். உங்களுக்காகத் தெனமும் சாயந்தரமே சமையல்கட்டுல சோறு திருடுவாங்களாம்."

"வெள்ளையம்மா பொண்ணா நீ? எங்கடி அவ?"

"வெளிய ஆட்டோவுல. நீங்க கூப்பிட்டாத்தான் உள்ள வருவாங்களாம்."

ஜெயந்திமாலா ஜன்னல் வழியே பார்த்தாள். மலைக்குப் பின்னால் சூரியன் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

"டேய் ஜினசேனா, சீக்கிரம் எலையப் போடுடா! இருட்டறதுக்குள்ள நாங்க ரெண்டு பேரும் சாப்பிடணும்" என்றபடி வாசலுக்கு ஓடினாள்.