பட்டியலில் இல்லாத மெஷின்

எங்கள் கம்பெனியின் உதிர்ந்த இலைகளை ஊதித் தள்ளும் மெஷின்களில் சில தீப்பிடிப்பதாகப் புகார் வந்து, அவற்றை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தோம். ஆஸ்திரேலியாவில், டூவூம்பா ஊர் ஆபீசில் போனை எடுப்பது என் வேலை.

"தம்பி, இந்த நம்பர் உங்க லிஸ்ட்ல இருக்கான்னு பாரு," என்று ஓர் அம்மாள் மெஷின் நம்பரை வாசித்தார்.

பார்த்தேன். "இல்லம்மா. இதுக்கு ஒரு ஆபத்தும் இல்ல. இன்னும் பத்து வருஷம் ஓடும்."

"பத்து வருஷமா?" குரல் இறங்கிவிட்டது. "இன்னொரு தடவை நல்லாப் பாரேன்."

"ஏம்மா, மக்கர் பண்ணுதா?"

"பண்ணினாத்தான் தேவலையே. ஞாயித்துக்கிழமை காலைல ஆறரைக்கு டாண்ணு கத்த ஆரம்பிச்சிடுது."

"அப்போ லேட்டா ஓட்டுங்களேன்."

"என்னோடது இல்லப்பா, பக்கத்து வீட்டுப் பையனோடது. புல்தரையில போட்டுட்டுப் போயிருந்தான். வேலி வழியா எட்டிப் பார்த்து நம்பரை எழுதிக்கிட்டேன்."

"அவர்கிட்டயே சொல்லலாமே?"

"எப்படிச் சொல்றது? செவ்வாய்க்கிழமை தவறாம எங்க குப்பைத் தொட்டியையும் சேர்த்துத் தெருவுக்கு இழுத்து வைக்கிறான். தங்கமான பையன்."

அந்த நம்பரை நான் இன்னொரு தடவை பார்த்தேன்.

"சரிம்மா, இனிமே ஞாயித்துக்கிழமை அது ஓடாது. நான் பொறுப்பு."

"நல்லா இருப்பே. உன் பேரென்ன?"

வாயில் வந்த ஒரு பேரைச் சொன்னேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் இரண்டு வீட்டுத் தொட்டிகளையும் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போகும்போது, வேலிக்கு மேலே பக்கத்து வீட்டு மிஸஸ் ஹென்னெஸி தலையை நீட்டினார்.

"என்ன டாரில், ஞாயித்துக்கிழமை சத்தத்தையே காணோம்? உடம்புகிடம்பு சரியில்லையா?"

"மெஷினைத் திரும்பக் கேட்டுட்டாங்கம்மா."

"அடப் பாவமே," என்றார். "நல்லா ஓடிட்டிருந்ததே."