பன்னிரண்டாவது இடம்

"இது ரொம்ப லேசு. தூக்கிடுவோம்" என்றார் தெங் சார், சூரியகாந்தி விதையைப் பல்லால் உடைத்தபடி.

ஷுலான் பன்னிரண்டாவது கோடிட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மலைமேல் இருந்த அந்த அரசு விடுதிக்கு அவர்கள் வந்து இருபத்தாறு நாளாகிறது. கல்லூரி நுழைவுத் தேர்வுக்கான ஆங்கில வினாத்தாளை அவர்கள் தயாரித்து, மாகாணத்தின் நான்கு லட்சம் பிள்ளைகள் அதை எழுதி முடிக்கும்வரை யாரும் வெளியே போக முடியாது.

கைப்பேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். சன்னல் கண்ணாடிகளில் வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது. வெளியே வெயிலா மூடுபனியா என்று தெரியாமல், நாள் முழுவதும் ஒரே பால் வெளிச்சம். அதற்குள் இருந்து இருந்து கிழமை மறந்துபோயிற்று. சில மதியங்களில் ஷுலானுக்குத் தன் வயதே மறந்துவிடும். வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று பதறி எழுந்து, பிறகு உட்காருவாள்.

பத்தி அவள் தேர்ந்தெடுத்ததுதான். பிறந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் ஏன் மனிதர்களுக்கு நினைவில் நிற்பதில்லை என்று விளக்கும் கட்டுரை. அதில் பதினைந்து சொற்களை உருவிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை வைக்க வேண்டும்.

இருபத்தைந்து வருஷமாக வகுப்பில் இதையே மறுபக்கம் நின்று சொல்லிக்கொடுத்தவள். முதல் வாக்கியத்தில் கோடு இருக்காது, அதை நிதானமாகப் படி. கடைசிவரை ஒரு தடவை படிக்காமல் எதையும் நிரப்பாதே. முன்வரியைப் பார், பின்வரியைப் பார். விளக்கக் கட்டுரையில் உனக்குத் தெரிந்ததை எழுதாதே, அது சொல்வதை எழுது.

பன்னிரண்டாவது இடம் இப்படி வந்தது: ஒரு முகத்தைக்கூட அறிவதற்கு முன்பே, குழந்தைக்கு ஒரு ______ தெரிந்திருக்கிறது. நீருக்குள் இருந்தபடி பல மாதங்கள் அதைக் கேட்டிருக்கிறது.

வீடு. பெயர். குரல். நிறம்.

"அடுத்த வரியிலயே 'கேட்டிருக்கு'ன்னு போட்டுட்டே. அப்புறம் பிள்ளைங்க யோசிக்க என்ன இருக்கு? தூங்கிக்கிட்டே எழுதிடும். அதை 'அறிஞ்சிருக்கு'ன்னு மாத்து. நாலுல ஒண்ணாவது தடுக்கி விழட்டும். அதுக்குத்தானே நமக்கு இங்க சோறு போடறாங்க."

அவர் சொன்னது நியாயம்தான். ஷுலான் பென்சிலை எடுத்து அந்தச் சொல்லை அடித்தாள்.

அடித்த கை அப்படியே நின்றது.

காகிதச் சன்னலில் வெளிச்சம் லேசாக அசைந்தது. எங்கெங்கோ உள்ள பள்ளிக்கூடங்களில் நான்கு லட்சம் தலைகள் ஒரே நேரத்தில் குனிவதுபோல அவளுக்குத் தோன்றியது. நான்கு லட்சம் பேனாக்களின் சத்தம், தொலைவில் மழை வருவதுபோல. பேனாக்கள் பத்தைத் தாண்டின, பதினொன்றைத் தாண்டின. பன்னிரண்டில் வந்து ஒரு பேனா மட்டும் நின்றுவிட்டது.

அது ஒரு பெண்பிள்ளை. முகம் தெரியவில்லை. தலை வகிடு மட்டும் தெரிந்தது. பேனா 'நிறம்' மேலே போய் நின்றது, பிறகு 'வீடு' மேலே. மழை அவளை விட்டுவிட்டு எங்கோ போய்க்கொண்டிருந்தது.

ஷுலான் ரப்பரை எடுத்து, தான் போட்ட கோட்டை அழித்தாள்.

"இருக்கட்டும் சார்."

"ஏன்?"

"மத்த பதினாலுல விழறவங்க விழட்டும். இந்த ஒண்ணுல ஒரு பிள்ளைகூட விழவேண்டாம்."

தெங் சார் மெல்வதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். ஒன்பதாவது இடம் லேசாக இருக்கிறது என்று ஐந்து தடவை அவரைத் திருப்பி எழுத வைத்தவள் இவள்தான்.

"உனக்கு வயசாயிடுச்சு ஷுலான்" என்று சிரித்தார். "பையன் வேலைக்கே போயாச்சு. இப்ப யாருக்காக இந்த இரக்கம்?"

அவள் சிரித்தாள். அவர் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

நான்கு மணிக்கு அதிகாரி வந்து தாள்களை வாங்கி உறையிலிட்டு முத்திரை வைத்தார். பிறகு ஆளுக்கொரு படிவத்தை நீட்டினார். ஒரே ஒரு கேள்வி. உங்கள் பிள்ளைகளில் எவரேனும் இந்த ஆண்டுத் தேர்வை எழுதுகிறார்களா?

தெங் சார் பார்க்காமலே குறி போட்டுக் கொடுத்துவிட்டுத் தேநீருக்கு வெந்நீர் பிடிக்கப் போனார்.

ஷுலானின் குடும்பப் பதிவேட்டில் ஒரு மகன்தான். வீட்டுக்கு ஒரு பிள்ளைதான் என்று சட்டம் இருந்து, இரண்டாவது பெற்றால் ஆசிரியர் வேலை போய்விடும் என்றிருந்த காலத்தில், பக்கத்து மாவட்டத்தில் ஒரு தெரிந்தவர் வீட்டில் ஒளிந்திருந்து பெற்ற மகளுக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. பதினோரு நாள் வைத்திருந்தாள். பெயர் வைத்தால் கொடுக்க மனம் வராது என்று பெயர் வைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் ஒரு தம்பதி வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். எந்த ஊர் என்று கேட்கக்கூடாது என்பது பேச்சு.

வருகிற இலையுதிர் காலத்தில் அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. படிக்க வைத்திருந்தால், இந்த வருஷம்தான்.

"சீக்கிரம் டீச்சர்" என்றார் அதிகாரி.

படிவத்தில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டே கட்டங்கள் இருந்தன. ஷுலான் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் ஒரு தடவை பார்த்தாள்.