இன்னொரு கரண்டி குழம்பு

"அடுப்ப நீங்க அணைச்சீங்களா, அதுவா அணைஞ்சிருச்சா?" கட்டிலில் படுத்தபடியே கேட்டாள் அற்புதமேரி.

"ஒல பொங்கி வழிஞ்சிருச்சு," என்றான் சந்தனசாமி, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே.

"மூடியத் தள்ளி வைங்க. வெறகு ரெண்டு போதும்."

சந்தனசாமிக்கு இலுப்பூரில் தையல் கடை. 1957ஆம் வருடம் மார்ச்சில் டைபாய்டு வந்து மனைவி படுத்ததிலிருந்து வீட்டில் அவன்தான் சமையல். முந்தின நாள் செய்த உப்புமாவைக் கரண்டியால் எடுக்க முடியாமல் கத்தியால் வெட்டினான். இன்று ரசத்தில் புளியங்கொட்டை மிதந்தது.

எட்டு வயது செல்வி தட்டைப் பார்த்தாள். "அப்பா, இது ரசமா, கொழம்பா?"

"சாப்பிட்டுப் பாத்து நீயே சொல்லு."

சின்னவள் ரோசி வாயில் வைத்ததைத் துப்பிவிட்டாள். அற்புதமேரி மட்டும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டு முடித்தாள்.

"புளியக் கரைச்சு வடிகட்டணுங்க. நாளைக்குச் சரியா வரும்."

இந்தப் பொறுமைதான் அவனுக்குப் பிடிபடவில்லை. காய்ச்சல் நூற்று நான்கைத் தொட்டபோதும் அவள் முனகவில்லை. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியபோது, "எண்ணெய் மிச்சம்," என்றாள். காய்ச்சல் விட்ட பிறகு, காலில் பலமில்லை என்று சொல்லிவந்தாள். ஆனாலும் சும்மா இருக்கவில்லை. கட்டிலில் இருந்தபடியே பிள்ளைகளுக்கு வாய்ப்பாடும் அவனுக்குக் குழம்பும் சொல்லிக்கொடுத்தாள்.

பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் வந்தாள். "நான் ஒரு சட்டி கொழம்பு குடுத்து விடுறேனே மேரி. பிள்ளைக வாடிப் போச்சுக."

"வேண்டாங்க்கா. ஒங்களுக்கு எதுக்குச் செரமம்? அவரே செய்வாரு."

வாசலில் பொன்னுத்தாய் சந்தனசாமியிடம் சொன்னாள்: "வேற பொம்பளையா இருந்தா, நீங்க போடுற சோத்துக்கே அழுதிருப்பா தம்பி."

"தெரியுங்க்கா," என்றான் அவன். அன்றிலிருந்து மாலையில் கடையைச் சீக்கிரமே சாத்தினான். தேறி வருகிறவளுக்கு வாய்க்கு ருசியாக ஒரு வேளையாவது கொடுத்துவிட வேண்டும்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, யாரிடமும் எதுவும் கேட்காமல் கருவாட்டுக் குழம்பு வைத்தான். செல்வி தட்டை வழித்து நக்கினாள். ரோசி மறுசோறு கேட்டாள். அற்புதமேரி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னொரு கரண்டி ஊத்துங்க."

அவன் சட்டியையே தூக்கிக்கொண்டு வந்தான். "நெசமாவே நல்லாருக்கா?"

"நல்லாருக்கு. இனிமே நான் சொல்லித்தர ஒண்ணுமில்ல."

கை கழுவியவள், எதையும் பிடிக்காமல் நேராக நடந்து போனாள். முக்காலியில் ஏறிப் பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினாள்.

"ஏய், விழுந்துருவ," என்று ஓடினான் சந்தனசாமி.

"விழ மாட்டேங்க. டாக்டர் என்னய நடமாடச் சொல்லி ஒரு மாசமாச்சு." சேலைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "டீச்சர் டிரெய்னிங்குக்கு எழுதிப் போடட்டுமான்னப்ப, 'பிள்ளைகளுக்கு யாரு பொங்கிப் போடுவா'ன்னு ஒண்ணே ஒண்ணுதானே கேட்டீங்க? எடம் கெடச்சிருச்சு. திங்கக்கெழம புதுக்கோட்டையில சேரணும், ரெண்டு வருசம்."